ஒரு ரிம் மட்டும்

கொட்டகையின் கூரை ஒழுக ஆரம்பித்ததால்தான் அந்தக் காரை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பல் டாக்டர் அதைத் தொட்டிருக்கவே மாட்டாள். அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா ஒருநாள் மாலை அதை உள்ளே கொண்டுபோய் நிறுத்தி, தார்ப்பாய் போர்த்தி, கதவைச் சாத்தினார். முப்பத்தாறு வருடம் ஆகிவிட்டது. ஏன் என்று அம்மா உயிரோடு இருந்தவரை அவரிடம் கேட்டுப் பார்த்தாள். "இஞ்சின் சரியில்ல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. அப்பா நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். சங்கிலியில் ஒரு கண்ணி பிசகினாலும் வயலின் முதல் மூலைக்குத் திரும்பிப் போய் மறுபடி அளப்பார். பேச்சையும் அளந்துதான் விடுவார்.

தார்ப்பாயை விலக்கியபோது டாக்டருக்கு மனசு கொஞ்சம் தடுமாறியது. அகலமான முன்விளக்குகளும் உருண்ட தோள்களுமாய், யாரோ உள்ளே உட்கார்ந்து காத்திருப்பதுபோல இருந்தது வண்டி. எடைக்குப் போடலாம் என்று வந்தவள் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள்.

மெக்கானிக்கை ஊரே 'பல்லி' என்றுதான் கூப்பிடும். வண்டிக்கு அடியில் ஒட்டிக்கொண்டால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்குவான். கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் அங்கிருந்தே "ச்சு ச்சு" என்று நாக்கைத் தட்டுவான். மூன்று வாரம் கழித்து இஞ்சின் ஓடியது. பல்லி கையைத் துடைத்துக்கொண்டே, இதற்கு நோவு என்று சொன்னது யார், இஞ்சினில் ஒரு குறையும் இல்லையே என்றான். அப்பா அப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பவில்லை.

உண்மையான குறை முன்பக்க இடது சக்கரத்தில் இருந்தது. மற்ற மூன்று சக்கரங்களின் ரிம்மும் ஒரே ஜாதி: அழுத்திச் செய்த இரும்பு, சுற்றிலும் முட்டை வடிவத் துவாரங்கள், ஐந்து போல்ட் ஓட்டை. இடது முன்சக்கரத்தில் மட்டும் வேறு ஏதோ வண்டியின் மொட்டை ரிம். ஸ்டெப்னியாகக் கிடந்ததை மாட்டியிருக்கிறார்கள். அது ஒரு விரல் அகலம் குறைவு என்பதால் வண்டி எப்போதும் இடது பக்கமாக இழுத்தது. அந்த மாடலுக்கு ரிம் கிடைக்காது, யாராவது அதே அச்சில் புதிதாகச் செய்து தந்தால்தான் உண்டு என்றான் பல்லி.

அன்று சாப்பிடும்போது டாக்டர் இதைச் சொன்னாள். அவள் கணவர் சிரித்தார். "ஊர்ல உள்ளவங்க பழைய பல்லைப் பிடுங்கிட்டுப் புதுசு கட்டச் சொல்லி உன்கிட்ட வர்றாங்க. நீ பழசுக்கே பழசு தேடுறே" என்றார். அப்பா சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வாங்குறதா இருந்தா நாலையும் வாங்கு. ஒண்ணு மட்டும் தேடாதே."

"மூணு நல்லா இருக்கேப்பா. அதை எதுக்குத் தூக்கிப் போடணும்?"

அவர் கை கழுவ எழுந்தார். வயதானால் வருகிற பிடிவாதம் என்று அவள் விட்டுவிட்டாள்.

தேடல் நாலு மாதம் இழுத்தது. விடுமுறை நாளெல்லாம் பழைய உதிரிபாகக் கடைத்தெருவில் கழிந்தது. கடைக்காரர்கள் "இருக்கு, இருக்கு" என்று உள்ளே போய் வேறு எதையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓட்டை ஐந்துக்குப் பதில் ஆறு இருக்கும். ஐந்து இருந்தால் வட்டம் பெரிதாக இருக்கும். பழங்கார் வைத்திருப்பவர்களின் குழுக்களில் படம் போட்டுக் கேட்டாள். ஒருவர் கடல் கடந்து ஒரு ரிம் அனுப்பினார். பெட்டியைப் பிரித்தால் துருதான் பாதி. இன்னொருவர் அச்சு அசலாக இருக்கிறது என்று சத்தியம் செய்து அனுப்பியதைப் பார்த்துவிட்டு, இது மாட்டு வண்டிக்குக்கூடச் சேராது என்றான் பல்லி. கடைசியில், கண்காட்சிகளுக்கு வண்டி கொண்டுபோகும் ஒரு கிழவர் ஒரு போன் நம்பர் தந்தார். அந்த மாடல் ரிம்மை அச்சு மாறாமல் செய்கிற ஆள் ஒருவர்தான் இருக்கிறார், அவருக்குக் கடைப் பலகைகூடக் கிடையாது என்றார்.

ரிம்காரர் அதிகம் பேசவில்லை. அளவு அனுப்புங்கள் என்றார். டாக்டர் அளவை எழுதி அனுப்புவதற்குப் பதிலாகத் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். மூன்று ரிம்களையும் கழற்றி, கழுவி, பல் அச்செடுக்கும் பசையைக் குழைத்து, டயர் உட்காரும் விளிம்பிலும் வால்வு ஓட்டையைச் சுற்றியும் அப்பினாள். இறுகியதும் உரித்தெடுத்து அதில் பிளாஸ்டர் ஊற்றினாள். ஒவ்வொரு ரிம்மிலும் வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில், உட்புறமாக, யாரோ உளியால் கீறியிருந்த வெட்டுகள் பிளாஸ்டரில் துல்லியமாக விழுந்திருந்தன. முன் வலதில் இரண்டு வெட்டு. பின்பக்கம் ஒன்றில் மூன்று, மற்றதில் நாலு. எந்தச் சக்கரம் எங்கே மாட்ட வேண்டும் என்று தெரிவதற்காக அப்பாவுக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் போட்டதாக இருக்க வேண்டும். அச்சுகளைப் பஞ்சில் பொதிந்து அனுப்பினாள்.

பத்தாம் நாள் போன் வந்தது. அவள் நோயாளி ஒருவரை வாயைத் திறந்தபடி உட்கார வைத்துவிட்டுப் பேசினாள்.

"டாக்டர், நாலும் வேணுமா, ஒண்ணா?"

"ஒண்ணுதான். முன்பக்கம், இடது."

அவர் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. 

"ஒரு வெட்டு போட்டது," என்றார் அவர்.

"ஆமா. அதுதான் இல்ல."

"செஞ்சு வைக்கிறேன். நீங்களே நேர்ல வந்து எடுத்துக்குங்க. சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடி வந்துடுங்க."

அடுத்த வாரம் கிளினிக்கைப் பாதி நாள் மூடிவிட்டு டாக்டர் பஸ் ஏறினாள். மூன்று மணி நேரப் பயணம். ஊரின் மேட்டில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஒரு தெரு நூல் பிடித்தாற்போல நேராகக் கீழே இறங்கியது. அவ்வளவு சரிவில் நடந்து பழக்கமில்லாததால் கால் தானாக வேகமெடுத்தது. அடிக்கொரு தரம் நின்று நின்று போனாள். தெரு கடைசியில் சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. திரும்புகிற இடத்தில், தெருவை நேருக்கு நேர் பார்த்தபடி ஒரு சின்ன ஓட்டு வீடு. அதை ஒட்டிப் பட்டறை. வீட்டுச் சுவரில், முழங்கால் உயரத்தில், வட்டமாக ஒரு ஜன்னல் இருந்தது. கம்பி இல்லை, கதவு இல்லை. ஒரு மெல்லிய துணி மட்டும் தொங்கியது. நாய் போய்வர வைத்திருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டாள்.

பட்டறையில் இரும்பு அறுக்கும்போது ஊற்றும் எண்ணெயும் சூடான இரும்பும் மணத்தன. சுவர் முழுக்கக் கொக்கிகளில் ரிம்கள். ரிம்காரருக்கு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயதிருக்கும். முன்னங்கைகளில் வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். மேசைமேல் இருந்த சாக்கை விலக்கி அவளுக்கான ரிம்மைக் காட்டினார். டாக்டர் விளிம்பை விரலால் தடவினாள். புது உறை கச்சிதமாக உட்கார்ந்த பல்லைத் தொட்டதுபோல இருந்தது. வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் ஒற்றை வெட்டு.

"இதைக்கூடப் போட்டிருக்கீங்களே."

"அளவெடுத்த ரிம்ல இருந்துச்சு."

"நான் அனுப்பினதுல ஒத்தை வெட்டு ரிம் இல்லையே."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா காபி போட்டு வைத்திருப்பார்கள், உள்ளே வாருங்கள் என்றார்.

வீட்டின் கூடத்தில் சாமான்கள் வைத்திருந்த விதம் டாக்டருக்கு விசித்திரமாகப் பட்டது. கட்டில், அலமாரி, டிவி, துணிமூட்டை எல்லாம் இரண்டு பக்கச் சுவரோடு நெருக்கியடித்துக் கிடந்தன. நடுவில், வட்ட ஜன்னலிலிருந்து பின்சுவர்வரை, இரண்டு முழ அகலத்துக்குத் தரை துடைத்து வைத்ததுபோல வெறிச்சோடிக் கிடந்தது. ரிம்காரரின் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து தாண்டியவர், காது கூர்மை, கண் மங்கல். டாக்டர் பேச வசதியாக ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டாள்.

"அதுல வேண்டாம்மா," என்றார் அந்த அம்மா. "அது வர்ற வழி."

"எதும்மா?"

ரிம்காரர் நாற்காலியைத் தூக்கி அலமாரியோரம் வைத்து, இங்கே உட்காருங்கள் என்றார். மணி நாலு ஐந்து. மூவரும் காபி குடித்தார்கள். அந்த அம்மா தன் கடைவாய்ப் பல் ஆடுவதைப் பற்றிச் சொன்னார். டாக்டர் கைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து வாயைத் திறக்கச் சொன்னாள். அவர் திறக்கவில்லை. ஒரு விரலை உயர்த்தி, பொறு என்பதுபோலக் காட்டினார்.

முதலில் தெருவின் மேட்டில் எங்கோ இரும்பு உரசுகிற சத்தம். வண்டி ஏதோ வருகிறது என்று டாக்டர் நினைத்தாள். ஆனால் இஞ்சின் ஓசை இல்லை. உருளும் சத்தம் மட்டும், நெருங்க நெருங்க வேகம் கூடி, கடைசியில் இடைவெளியே இல்லாமல் ஒரே இரைச்சலாக வந்தது. காபியில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. ஜன்னல் துணி உள்பக்கமாக விறைத்து நிமிர்ந்தது. கணுக்காலில் சில்லென்று காற்று அடித்தது. ரப்பரும் வெயிலில் இளகிய தாரும் மணத்தன. பின்சுவரில் 'தொம்' என்று ஒரு அடி. சுவர்ப் பூச்சு இரண்டு பொட்டு உதிர்ந்தது.

துணி மறுபடி தொங்கியது. அந்த அம்மா மீதிக் காபியைக் குடித்தார்.

டாக்டர் டார்ச்சைக் கைப்பையில் வைத்தாள். "தினமுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"தினமும். ஞாயித்துக்கிழமைன்னுகூடப் பாக்காது."

ரிம்காரர் எழுந்துபோய், பின்சுவரில் ஆணியில் மாட்டியிருந்த சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். டயர் வெடித்து உதிர்ந்து, ரிம் மட்டும் மிச்சம். எண்ணெய் போட்டுப் போட்டுக் கறுத்திருந்தது. அதில் ஒற்றை வெட்டு. டாக்டர் அதைத் தொடவில்லை. தொடாமலே அது எந்த வண்டியுடையது என்று தெரிந்துவிட்டது.

அவர் நடந்ததைச் சொன்னார். முப்பத்தாறு வருடத்துக்கு முன் இது தகரச் சுவர் வைத்த வீடு. அவருக்கு அப்பா இல்லை. அம்மா செங்கல் சூளைக்கு வேலைக்குப் போயிருந்தார். அவருக்குப் பதினொரு வயது, தங்கைக்கு ஏழு. தங்கை கூடத்தில் குப்புறப் படுத்துத் தரையில் சாக்கட்டியால் படம் போட்டுக்கொண்டிருந்தாள். மேட்டில் போன ஒரு காரின் சக்கரம் கழன்று, தெருவோடு உருண்டு வந்து, தகரத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே புகுந்தது. பிறகு செங்கல்லில் வீடு கட்டியபோது அந்த ஓட்டையை அடைத்தார்கள். மறுநாள் நாலு பத்துக்குச் செங்கல் எல்லாம் உள்பக்கம் விழுந்து கிடந்தது. இரண்டாம் தடவை சிமெண்ட் கூட்டிப் பார்த்தார்கள். அதுவும் விழுந்தது. அதன்பின் ஜன்னலாக விட்டுவிட்டார்கள்.

அந்தச் சக்கரம் கண்ணெதிரே தொங்கியதால்தான் அவர் இந்தத் தொழிலுக்கே வந்தார். முதலில் இரும்புக் கடையில் வேலை. பிறகு அதை அளந்து அதேபோல் ஒன்று செய்து பார்த்தார். நன்றாக வந்தது. கேள்விப்பட்டு ஆட்கள் வந்தார்கள்.

"எல்லாரும் நாலு கேப்பாங்க, அஞ்சு கேப்பாங்க," என்றார். "ஒண்ணு மட்டும் கேட்டு ஒருத்தர்தான் வர முடியும்னு எனக்குத் தெரியும். இருபது வருஷமா பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஓட்டினது எங்கப்பா," என்றாள் டாக்டர்.  அந்த அம்மா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். டாக்டருக்கு ஒரு மாலை நினைவுக்கு வந்தது. கொட்டகையைச் சாத்திவிட்டு அப்பா குழாயடியில் உட்கார்ந்து வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் போய் முதுகில் சாய்ந்தபோது அவர் திடுக்கிட்டுத் திரும்பி அவளை யாரோபோலப் பார்த்தார்.

ரிம்காரர் புது ரிம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தார். மேடேற மூச்சு வாங்கியது. உருட்டிக்கொண்டு போகலாமே என்று அவள் சொன்னாள்.

"இந்தத் தெருவுல நான் எதையும் உருட்டுறதில்ல," என்றார்.

பாதி மேட்டில் நின்று மிச்சத்தையும் சொன்னார். அம்மாவுக்குத் தெரியாத மிச்சம். சக்கரம் வந்த கொஞ்ச நேரத்தில் ஓர் ஆள் வாசலில் வந்து நின்றார். கையில் ஜாக்கிக் கம்பி. தம்பி, இங்கே ஒரு சக்கரம் வந்ததா என்று கேட்டார். தகரத்தில் கிழிந்த ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அந்தப் பையன் இல்லை என்றான். அந்த ஆள் திரும்பிப் போய்விட்டார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"தங்கச்சியைப் பாத்துக்கன்னு சொல்லிட்டுத்தான் அம்மா போனாங்க. இல்லேன்னு சொன்னா இல்லாம போயிடும்னு நினைச்சேனோ என்னமோ."

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் ரிம்மை அப்பாவின் முன்னால் தரையில் வைத்தாள். அவர் குனிந்து, ஒற்றை வெட்டின்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார். அவள் தெருவை, வீட்டை, ஜன்னலை, நாலு பத்தை எல்லாம் சொன்னாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. எண்பத்தோரு வயது மனிதர் விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று காலையில் அந்தச் சக்கரம் பஞ்சரானதையும், ஒட்டியதும் தானே மாட்டியதையும், நட்டைக் கையால் முடுக்கிவிட்டு ஸ்பானர் எடுக்கப் போனவர் யாரோ கூப்பிட்டதில் மறந்துபோனதையும் அவர் சொன்னார். ஐந்து நட்டு, ஒன்றைக்கூட இறுக்கவில்லை என்றார்.

மறுநாள் காலை அவள் எழுந்தபோது அவர் குளித்து, சலவைச் சட்டை போட்டு, வாசலில் நின்றார். காரிலேயே போகலாமா என்று கணவர் கேட்டார்.

"வண்டி வேண்டாம். பஸ்ல போறேன்."

அவளும் கூடக் கிளம்பினாள்; மத்தியான பஸ்ஸில் ஏறி அவர்கள் போய்ச் சேரும்போது மூன்றரை. சரிவில் அப்பா மகளின் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. வட்ட ஜன்னலைப் பார்த்ததும் நின்றார். பிறகு உள்ளே போனார். ரிம்காரர் எழுந்து நின்றார். யாரும் யாரையும் அறிமுகம் செய்யவில்லை. அப்பா அலமாரியோரம் கிடந்த நாற்காலியை எடுத்து, அந்த வெறும் தரையின் நடுவில், ஜன்னலைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார். அளந்து போட்டதுபோலச் சரியாக நடுவில் இருந்தது.

"தம்பி, அன்னிக்கு உன்னைக் கேட்டேனே. கேக்கும்போதே எனக்குத் தெரியும். ஓட்டையைப் பாத்தேன்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்," என்றார் ரிம்காரர். முதல்முறையாக எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். "நான் இல்லேன்னு சொன்னதும் உங்க முகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு. அதைத்தான் இன்னிவரைக்கும் என்னால மறக்க முடியல."

அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் யாரைக் கேட்டது, எப்போது கேட்டது என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டு, வாசலில் வந்து நின்ற ஆளைப் பற்றியும் தான் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றியும் சொன்னார். அந்த அம்மா முழுக்கக் கேட்டார்.

"அப்ப அவளுக்கு உசுரு இருந்துச்சா?"

"தெரியலம்மா. நான் திரும்பிப் பாக்கல."

"இருந்துச்சு," என்றார் அப்பா. "வாசல்ல இருந்து கால் தெரிஞ்சது. பெருவிரல் ஒரு தடவை அசைஞ்சது."

டாக்டருக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. அந்த அம்மா அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாய் திறந்த சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்திரச் சத்தம் எதுவும் இல்லை. நாலு ஏழுக்குக் குழாய் நின்றது. வெளியே வந்து, மகனின் தோளில் கைவைத்து, "நீ தள்ளிக்கோ" என்றார். நாற்காலியில் இருந்தவரிடம் அவர் எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். "நீ அந்தப் பக்கம் போம்மா."

மேட்டில் உரசல் ஆரம்பித்தது. அவள் அலமாரியோடு ஒட்டி நின்றாள். சத்தம் தெருவோடு இறங்கியது. துணி விறைத்து நிமிர்ந்தது. அப்பா கண்ணை மூடவில்லை. நாற்காலியின் நாலு காலும் தரையைக் கீறிக்கொண்டு ஒரு சாண் பின்னால் போயின. அவர் மூச்சு மொத்தமாக வெளியே வந்தது.

பின்சுவரில் அடி விழவில்லை.

எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள். அது விழவே இல்லை. அப்பா இரண்டு கைகளையும் மடிக்கு மேல், எதையோ விழாமல் பிடித்திருப்பவர்போல வளைத்து வைத்திருந்தார். 

"கனமா இருக்கு," என்றார்.

வெகுநேரம் கழித்துக் கைகள் இறங்கின. அந்த அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். எழுந்திருக்க முடியுமா என்று கேட்டார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. வெளியே போ என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது, அடுத்த வாரம் இதே நாள் வருவீர்களா என்று மட்டும் கேட்டார். அப்பா தலையசைத்தார்.

அவருடைய இரண்டு முழங்கால்களுக்கும் கீழே கன்றிப்போன வளைவு ஒன்று இருந்தது, ஒரு காலில் தொடங்கி மறுகாலில் முடிவதுபோல. டாக்டர் களிம்பு தடவினாள். அது ஆறவும் இல்லை, வலிக்கிறது என்று அவர் சொல்லவும் இல்லை.

பல்லி புது ரிம்மை மாட்டி, நட்டுகளை அவள் கண்ணெதிரே இரண்டு தடவை இறுக்கினான். வண்டி இப்போது இடது பக்கம் இழுப்பதில்லை. டாக்டர் அதில் கிளினிக் போகிறாள். நோயாளிகள் பல்வலியை மறந்து அதைச் சுற்றிப் பார்க்கிறார்கள். அப்பா அதில் ஒருநாளும் ஏறவில்லை. வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை, பஸ்ஸில் போனார். அவர் உட்கார்ந்திருக்கும் நாட்களில் சுவரில் அடி விழுவதில்லை என்றும், மற்ற நாட்களில் வழக்கம்போல விழுகிறது என்றும் ரிம்காரர் போனில் சொன்னார். அப்பாவோடு உங்கள் அம்மா பேசுவாரா என்று டாக்டர் கேட்டாள். பேசுவதில்லை, ஆனால் வியாழக்கிழமை மட்டும் காபிக்குப் பால் கூட வாங்கச் சொல்கிறார் என்றார்.

ஒன்றரை வருடம் இப்படி நடந்தது. கடைசிக் காலத்தில் அப்பாவால் தனியாகச் சரிவில் இறங்க முடியவில்லை. டாக்டரும் கூடப் போனாள். அப்படிப் போன ஒரு வியாழக்கிழமை, மணி நாலு ஆனதும், அந்த அம்மா கட்டிலிலிருந்து எழுந்தார். மூலையில் கிடந்த முக்காலியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு வந்து, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், நடுத்தரையில் போட்டு உட்கார்ந்தார். மகன் ஓடிவந்தார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அப்பா கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.

இருவரும் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்கள். மேட்டில் இரும்பு உரசியது. அந்த அம்மா காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இன்னிக்கு மெதுவா வருது," என்றார்.